மூர்காபெல் மக்கள்தொகை: ஒன்று

தான் அழிந்துவரும் இனம் என்ற செய்தி ரெழிஸ் மூர்காபெலுக்கு வந்து சேர்ந்தபோது, அவன் ஓய்வுபெற்ற பல்மருத்துவர் ஒருவரின் செப்டிக் டேங்குக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூர்காபெல்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அடைப்பு எங்கன்னு பார்த்துட்டு வர்றேன், இருங்க."

"அவசரமில்ல. எண்ணூறு வருஷமா காத்திருக்கோம்."

ரெழிஸ் தலையை வெளியே எடுத்தான். நீலக் கோட்டு, மெலிந்த தோல்பை, அந்தச் சேற்றுக்குச் சம்பந்தமில்லாத காலணி. மூக்கைப் பொத்தும் ஆசையை நல்ல வளர்ப்பால் அடக்கிக்கொண்டிருக்கும் முகம். பாரிஸ் முகம்.

"ஊபேர் தெலாஷ்னால். குடும்பப்பெயர் மரபுரிமை உயர் ஆணையத்தின் முதன்மை ஆய்வாளர்."

ரெழிஸ் கையை நீட்டப் போனான். கையைப் பார்த்தான். வேலையில் இருப்பவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல் முழங்கையை நீட்டினான். தெலாஷ்னால் அந்த முழங்கைக்கு லேசாகத் தலைவணங்கினார்.

"போன நவம்பர்ல மோன்பெலியேல உங்க சித்தப்பா காலமானார். அனுதாபங்கள்."

"நன்றிங்க. அவரோட எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது."

"எங்களுக்கும் அவர் பதில் போட்டதில்ல. ஆனா ஒண்ணு, அவர் இருந்தவரைக்கும் மூர்காபெல் 'அரிது'ங்கிற வகையில இருந்துச்சு. இப்ப 'மிக மோசம்'. பிரான்ஸ் முழுக்கத் தேடிட்டோம். இந்தப் பேர்ல மிச்சம் நீங்க ஒருத்தர்தான்."

ரெழிஸ் யோசித்தான். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியவில்லை. "அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"எதுவும் செய்யக்கூடாது. அதுதான் முக்கியம். இருக்கிற எடத்துல அப்படியே இருங்க."

ஐம்பத்து மூன்று வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, ரெழிஸ் இருக்கிற இடத்தில் இருக்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

காரணம் நாதேழ். போன கோடையில் ஆற்றோர முகாமுக்குக் கூடாரம் போட வந்தவள். வடமேற்கே கடலோரத்தில் இருக்கும் கொன்கார்னோக்காரி, அங்கே ஒரு பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் தலைமைச் சமையல்காரி. முகாமின் கழிப்பறை அடைத்துக்கொண்டு எல்லோரும் ஓடிய நேரத்தில், அவள் மட்டும் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவனுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது கொன்கார்னோவில் ஒரு வீடு பார்த்துவிட்டாள். வாசலில் லாரி நிற்க இடம் உண்டு. அந்த ஊரில் செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் கிழவர் ஓய்வுபெறுகிறார். நவம்பர் முதல் தேதி வரும் சகல புனிதர் திருநாள் வரைக்கும் தன் வாடிக்கையாளர்களை ரெழிஸுக்காகப் பிடித்துவைப்பதாகவும், அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

ரெழிஸ் இதையெல்லாம் தெலாஷ்னாலிடம் சொல்லவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி தலையை உள்ளே விட்டான். அங்கே விஷயங்கள் தெளிவாக இருந்தன.

அந்த உயர் ஆணையத்தைத் தொடங்கியவர் ஓர் அமைச்சர். பதவி போவதற்கு முந்தைய நாள் கையெழுத்துப் போட்டார். அடுத்து வந்த அமைச்சர் அதைக் கலைக்க ஒரு குழு அமைத்தார். அந்தக் குழு இப்போது ஆணையத்தின் மூன்றாம் தளத்தில் நல்லபடியாக இயங்கிவருகிறது.

ஆணையத்தின் தத்துவம் எளிமையானது. மலைக்கு இந்தப் பக்கம் மேயும் ஆட்டின் பாலில் செய்தால் அது பெயருள்ள பாலாடைக்கட்டி. அந்தப் பக்கம் மேய்ந்தால் வெறும் பாலாடைக்கட்டி. வைனுக்கு அப்படி எல்லை உண்டு, வெங்காயத்துக்கு உண்டு, கோழிக்கு உண்டு. மனிதனின் குடும்பப்பெயருக்கு மட்டும் ஏன் இல்லை? ஆணையம் வரைபடத்தை விரித்தது. மூர்காபெல் என்ற பெயர் விளையும் மண் அவெரோன் மலைநாட்டில் சேன்-அமாரிக் ஊராட்சியும், அதைச் சுற்றிய மூன்று பள்ளத்தாக்குகளும் என்று தீர்மானித்தது. அந்த எல்லைக்குள் இருக்கும் மூர்காபெல்தான் மூர்காபெல். வெளியே போனால் அது வெறும் ஆள்.

ஏப்ரலில் ஊர் எல்லையில் பழுப்பு நிறப் பலகை முளைத்தது: 'சேன்-அமாரிக். மூர்காபெல் குடும்பப்பெயரின் பிறப்பிடம்.' ஊருக்குள் திரும்பும் இடத்தில் அம்புக்குறியோடு இன்னொன்று. அந்த அம்பு ரெழிஸின் சமையலறை ஜன்னலைக் காட்டியது.

மேயர் பொனாஃபூவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ரெழிஸோடு ஒரே வகுப்பில் படித்தவர். கணக்கில் ரெழிஸைப் பார்த்து எழுதியவர்.

"டேய் ரெழிஸ், உன்னால ஊருக்கு என்ன வந்திருக்கு தெரியுமா?" என்றார் மதுக்கடையில், பாஸ்தீஸ் மதுவில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே. "ரவுண்டானா."

"நம்ம ஊர்ல ரோடே ஒண்ணுதானே இருக்கு?"

"தபாலாபீஸ்கிட்ட ஆட்டுப் பாதை வந்து சேருதில்ல? அங்கதான். மரபுரிமை நிதி. நடுவுல பெரிய கல்லு வைக்கிறோம். உன் பேரைச் செதுக்கி."

"நான் செத்தா போயிட்டேன்?"

"நீ இல்லடா. பேரு."

ரெழிஸ் தன் டம்ளரைச் சுழற்றினான். "பொனாஃபூ, நான் செப்டம்பர்ல கிளம்பலாம்னு இருக்கேன். கொன்கார்னோவுக்கு."

மேயர் டம்ளரைக் கீழே வைத்தார். வாழ்நாளில் அவர் பாஸ்தீஸைப் பாதியில் வைத்தது அதுதான் முதல் முறை. "கடலைப் பார்க்கப் போறியா? போ. பார்த்துட்டு வந்துடு. எத்தனை நேரம் பார்ப்ப? ஒரு மத்தியானம்?"

மே மாதம் லாரிப் பிரச்சினை வந்தது.

ரெழிஸின் வெள்ளைத் தொட்டி லாரியின் ஓட்டுநர் கதவில் 'மூர்காபெல்' என்று எழுதியிருந்தது. அப்பா தன் கையாலேயே நீல வண்ணத்தில் எழுதியது. அளவெடுக்காமல் ஆரம்பித்துவிட்டார். அதனால் கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் அது கதவின் கைப்பிடிக்குக் கீழே ஒண்டிக்கொண்டு நின்றது, கூட்டமான பேருந்தில் கடைசியாக ஏறியவனைப்போல.

எழுத்து வல்லுநர் ஒருவர் பூதக்கண்ணாடியோடு வந்து கதவின் முன் அரை நாள் உட்கார்ந்தார். தீர்ப்பு இரண்டு பாகமாக வந்தது. முதல் பாகம்: எழுத்து முப்பது ஆண்டுக்கு முந்தியது, ஆகவே பாதுகாக்கப்பட்ட பொருள், அழிக்கவோ திருத்தவோ கூடாது. இரண்டாம் பாகம்: நாட்டின் மரபுரிமை செப்டிக் டேங்குகளின் அருகில் காணப்படுவது அதன் கண்ணியத்துக்குப் பொருந்தாது, ஆகவே காட்டவும் கூடாது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. கதவின் மேல் சிவப்பு வெல்வெட்டில் ஒரு குட்டித் திரைச்சீலை. ஊருக்குள் லாரி போகும்போது திறந்திருக்க வேண்டும். குழாயை டேங்குக்குள் விடும் முன் கயிற்றை இழுத்து மூட வேண்டும். வேலை முடிந்ததும் திறக்க வேண்டும்.

"யாராவது இறந்துட்டாங்களா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள்.

"இன்னும் இல்ல" என்றான் ரெழிஸ்.

ஜூனில் கருத்தரங்கு. மூர்காபெல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதை முடிவாகத் தீர்மானிக்க ஊர் மண்டபத்தில் மூன்று பேராசிரியர்கள் கூடினார்கள். ரெழிஸை மேடையில் நிற்கச் சொன்னார்கள். நாற்காலி கேட்டான். உட்கார்ந்தால் பக்கவாட்டுத் தோற்றம் கெடும் என்றார்கள்.

படையெடுப்பில் வழிதவறித் தங்கிவிட்ட ஒரு வட ஆப்பிரிக்க மூர் வீரனிடமிருந்து பெயர் வந்தது என்றார் முதலாமவர். அவர் ரெழிஸின் தலைமுடியை விரலால் பிரித்துப் பார்த்தார். சதுப்பு நிலத்துக்கான பழைய சொல்லிலிருந்து வந்தது என்றார் இரண்டாமவர். அவர் காலையிலேயே ரெழிஸின் தோட்டத்தில் குழி வெட்டி மண் எடுத்திருந்தார். கூடவே பிடுங்கிய முள்ளங்கியைத் திருப்பிக் கொடுத்தார். அழகான மூக்குள்ள ஒருவனுக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் என்றார் மூன்றாமவர். அவரிடம் மூக்கை அளக்க இடுக்கிபோல் ஓர் அளவுகருவி இருந்தது. அதன் இரும்பு நுனிகள் குளிர்ந்திருந்தன.

தெலாஷ்னாலே விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் தூரத்திலிருந்து அந்த மூக்கைப் பார்த்தார். "குறிச்சுக்கோங்க" என்றார் எழுத்தரிடம்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். "அவனையே கேட்கலாமே? அவங்க வீட்ல ஏதாவது சொல்லியிருப்பாங்கல்ல?"

பேராசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெலாஷ்னால் புன்னகையோடு ஒலிவாங்கியை வாங்கினார்.

"ஐயா, பாலாடைக்கட்டியைப் பத்தி யாரும் ஆட்டுகிட்ட கேட்கிறதில்ல. ஆட்டுக்கு அதுல பங்கு உண்டு. நாங்க மறுக்கல. ஆனா அபிப்பிராயம் கிடையாது."

கைதட்டினார்கள். மூர்காபெல் என்ற பெயருக்கு ஒரு தோற்றம் உண்டு என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பிறகு சாப்பாடு. அது கருத்தரங்கைவிட நீளமாக நடந்தது. என்ன தீர்மானிக்க வேண்டும் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெளிவாக இருந்தது.

அன்று மாலை நாதேழ் தொலைபேசியில் அழைத்தாள்.

"என்ன மக்கள்தொகையே, சாப்பிட்டியா?"

"நின்னுக்கிட்டே சாப்பிட்டேன்."

"கிளம்பிட்டு வாயேன். உன்னை என்ன கட்டிப் போட்டிருக்காங்களா?"

கட்டித்தான் போட்டிருந்தார்கள் என்பது ஜூலையில் தெரிந்தது. செப்டிக் டேங்க் வேலைக்கு அந்தந்த மாவட்ட ஆட்சியரகத்தின் அனுமதி வேண்டும். கொன்கார்னோவில் வேலை செய்ய ரெழிஸ் விண்ணப்பித்தான். ஆட்சியரகம் பணிவாகப் பதில் சொன்னது: விண்ணப்பதாரர் பாதுகாக்கப்பட்ட குடும்பப்பெயரைத் தாங்குபவராக இருப்பதால், உயர் ஆணையத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று தேவை. உயர் ஆணையமும் பணிவாகப் பதில் சொன்னது: ஆட்சேபணை உண்டு.

அதே வாரம் வழவழத் தாளில் வண்ணப் படங்களோடு மூர்காபெல் மக்கள்தொகை ஆண்டறிக்கை வெளியானது. முன் அட்டையில் பிரான்சின் வரைபடம். அதன் தென்பகுதியில் ஒரு சிவப்புப் புள்ளி. அது ரெழிஸ்.

மொத்த மக்கள்தொகை: ஒன்று. ஆண்கள்: நூறு சதவீதம். வேலையின்மை: இல்லை. இடக்கைப் பழக்கம்: நூறு சதவீதம், தேசிய சராசரியோடு ஒப்பிட்டால் இது ஆய்வுக்குரியது. சராசரி வயது என்ற தலைப்பின்கீழ் ஆணையம் தன் பெருமிதத்தை மறைத்துக்கொள்ளவில்லை. முந்தைய ஆண்டு அறுபத்தெட்டாக இருந்தது; ஆணையம் பொறுப்பேற்ற ஒரே ஆண்டில் ஐம்பத்து மூன்றாகக் குறைந்திருக்கிறது. நாட்டில் வேறெந்தக் குடும்பப்பெயரும் இவ்வளவு வேகமாக இளமை அடைந்ததில்லை. இதற்காகத் தன் எண்பத்து மூன்று வயதுச் சித்தப்பா செய்த பங்களிப்பு எங்கேயும் குறிப்பிடப்படவில்லை என்பதை ரெழிஸ் கவனித்தான்.

கடைசி அத்தியாயம் குடிபெயர்வு. அதில் கவலை தொனித்தது. மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பெயரைத் தாங்கும் மக்கள்தொகை முழுவதும் பம்புக்கு வாஷர் வாங்க எல்லைக்கு வெளியே போய்விட்டது. மதியம் வரை சேன்-அமாரிக்கில் மூர்காபெல்களின் அடர்த்தி பூஜ்யம். இப்படிப்பட்ட தற்காலிக அழிவுகளைத் தடுக்க, வாஷரை ஆணையமே வாங்கித் தரும்.

ஆகஸ்டில் நாதேழே ரயிலேறி வந்துவிட்டாள். வந்த மறுநாள் தெலாஷ்னால் சமையலறைக்கு வந்தார். நாதேழ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆணையத்துக்கு உங்க மேல எந்த விரோதமும் இல்ல, அம்மணி. காதல் எங்க அதிகார வரம்புல வராது. ஆனா ஒரு யோசனை இருக்கு. நீங்க இங்க வந்துடலாம். கல்யாணம் பண்ணி அவர் பேரைப் போட்டுக்கிட்டா உங்களை இரண்டாம் அட்டவணையில சேர்ப்போம். முதல் அட்டவணை பிறப்பால பேர் வந்தவங்களுக்கு, அதுக்குக் குழந்தை வேணும்."

"எனக்கு என்ன வயசிருக்கும்னு நினைக்கிறீங்க?"

"கண்ணியமான வயசு."

"அம்பத்தொண்ணு. தெனமும் நூத்தைம்பது பிள்ளைங்களுக்குச் சோறு போடுறேன். எதுவும் தட்டைக் கழுவி வைக்கிறதில்ல. வேணும்னா ஒரு நாலஞ்சைப் பிடிச்சுட்டுப் போங்க. பேரு என்ன வேணா வச்சுக்கோங்க."

தெலாஷ்னால் குறித்துக்கொண்டார். தத்தெடுப்பு, விசாரிக்க.

"இன்னொண்ணும் எழுதிக்கோங்க. கடல் இல்லாத ஊர்ல எனக்குத் தூக்கம் வராது. இந்த மனுஷன் இல்லாத ஊர்லயும் இப்ப வரமாட்டேங்குது. ரெண்டும் ஒரே ஊர்ல இருக்கணும். உங்க வரைபடத்துல புள்ளியைக் கொஞ்சம் மேல நகர்த்தி வையுங்களேன். என்ன கெட்டுப்போச்சு?"

"அம்மணி," என்றார் தெலாஷ்னால் வருத்தத்தோடு, "புள்ளியை நகர்த்தினா அப்புறம் எல்லாரும் நகருவாங்க."

அவர் போனபிறகு நாதேழ் உருளைக்கிழங்குகளைத் தண்ணீரில் போட்டாள். அவளுடைய தோள் லேசாக இறங்கியிருந்தது. ரெழிஸ் அதை முதல் தடவையாகப் பார்த்தான். அவனுக்குப் பயமாக இருந்தது.

"உங்கம்மா வீட்டுப் பேரு என்ன?" என்றாள் திடீரென்று.

"எதுக்கு?"

"எங்க உணவுக்கூடத்துல தட்டு அடுக்குற பொண்ணு, அவ அப்பன் பேரு பிடிக்கலன்னு அம்மா பேருக்கு மாறிட்டா. இப்ப சட்டம் இருக்கு. வாழ்க்கையில ஒரு தடவை. காரணம் சொல்ல வேண்டாம், நீதிபதி வேண்டாம். ஊர் ஆபீசுக்குப் போய்ச் சொல்லணும். ஒரு மாசம் கழிச்சுப் போய் ஆமான்னு சொல்லணும். அவ்வளவுதான். உங்கம்மா யாரு?"

ரெழிஸ் ஓர் உருளைக்கிழங்குத் தோலை எடுத்து விரலில் சுருட்டினான்.

"மார்த்தேன்" என்றான்.

நாதேழ் கத்தியைக் கீழே வைத்தாள். மார்த்தேன். நாட்டிலேயே மிகச் சாதாரணமான பெயர். அவள் பள்ளியிலேயே ஏழு மார்த்தேன்கள் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் ஒரே வகுப்பில், உறவுகூட இல்லை. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் ரெழிஸ் லாரியைக் கழுவினான். கதவின் திரைச்சீலையை விலக்கி, கைப்பிடிக்குக் கீழே ஒண்டியிருந்த கடைசி எழுத்தை ஈரத்துணியால் துடைத்தான். வேண்டிய அளவுக்கு மேல் துடைத்தான்.

"வலிக்குதா?" என்றாள் நாதேழ், வாசலில் நின்று.

"எங்கப்பா நாப்பது வருஷம் இந்தப் பேரோட சுத்தினாரு. பாரிஸ்லருந்து ஒருத்தன் வந்து எப்படி இருக்கேன்னு கேட்டதில்ல."

"சொல்லு. வேண்டாம்னா வேண்டாம். நான் ரயிலேறிடறேன், சண்டை இல்ல."

"வேணும்" என்றான் ரெழிஸ்.

குடிமைப் பதிவு அதிகாரி என்ற முறையில் அந்த அறிவிப்பை வாங்கிக்கொள்ள வேண்டியவர் மேயர் பொனாஃபூ. மறுக்க அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. கெஞ்ச இடமிருந்தது.

"ரவுண்டானாவுக்குத் தார் போட்டாச்சுடா."

"நல்லா சுத்துதா?"

"மார்த்தேன்னு ஆகிட்டு என்னடா பண்ணுவ? கூட்டத்துல கூப்பிட்டா நாலு பேர் திரும்புவான்."

"நான் திரும்ப வேண்டியதில்லையே. அதான் வேணும்."

"கணக்குல உன்னைப் பார்த்து எழுதினவன் கேட்கிறேன்."

"அதனாலதான் நீ மேயர். கையெழுத்துப் போடு."

சட்டம் கேட்கும் அந்த ஒரு மாதத்தில் ஆணையம் சும்மா இருக்கவில்லை. ரெழிஸுக்கு ஒரு பதக்கம் வந்தது. பித்தளை வாத்தியக் குழு ஒன்று ஞாயிறு காலையில் அவன் ஜன்னலுக்குக் கீழே வாசித்தது. கடைசியில் தெலாஷ்னாலே நேரில் வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"உங்களைக் காப்பாத்தத்தான் நாங்க இதெல்லாம் பண்றோம்னு நினைச்சிருந்தா, ஐயா, அது கொஞ்சம் கர்வம். உங்களை நாங்க காப்பாத்தல. பேரைக் காப்பாத்துறோம். நீங்க ஒரு சுவர். பேரு அதுல மாட்டின படம். சுவருக்கு இஷ்டம் இருக்கலாம், முழங்கால் வலி இருக்கலாம், கொன்கார்னோவுல ஒரு பெண்மணி இருக்கலாம். அதையெல்லாம் ஆணையம் மதிக்குது. ஆனா சுவர் எழுந்து நடந்தா படம் என்ன ஆகும்? எங்ககிட்ட முப்பத்தெட்டு அலுவலர் இருக்காங்க. மூணு தளம் இருக்கு. மார்த்தேன்கள் ரெண்டு லட்சத்துக்கும் மேல இருக்காங்க. அவங்களுக்கு யாராவது ஓர் ஆய்வாளரை நியமிப்பாங்களா? உங்களை மாதிரி ஆட்கள் அழியிற நிலையில இருக்கறதாலதான் நாங்க வாழறோம். இதைக் கொஞ்சம் யோசிச்சீங்களா?"

"இல்லைங்க" என்றான் ரெழிஸ் உண்மையாகவே. "அதை யோசிக்கல."

அக்டோபர் நடுவில் அவன் ஊர் ஆபீசுக்குப் போய் ஆமாம் என்றான். மேயர் முத்திரை குத்தினார். வெளியே தெலாஷ்னாலின் ஆட்கள் லாரியின் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கதவில் இருக்கும் எழுத்து பெயருக்குச் சொந்தமானது. பெயர் இப்போது அவனுக்குச் சொந்தமில்லை. திருகாணிகளை மட்டும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள்.

ரெழிஸ் மார்த்தேன் கதவில்லாத லாரியில் காற்று வாங்கிக்கொண்டே பழைய இரும்புக் கிடங்குக்குப் போனான். வெள்ளைக் கதவு கிடைக்கவில்லை, பச்சைதான் இருந்தது. அதில் எதுவும் எழுதவில்லை. கொன்கார்னோ அனுமதி அடுத்த வாரமே வந்தது. சான்று எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெயரில் ஏற்கெனவே பதினோரு பேர் அதே வேலையில் இருப்பதால் பிறந்த ஊரை மட்டும் சரிபார்க்கச் சொன்னார்கள்.

ஆணையம் மூர்காபெலை அதிகாரபூர்வமாக அழிந்த பெயர் என்று அறிவித்து, சகல புனிதர் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை ரவுண்டானாவில் இறுதி மரியாதை ஏற்பாடு செய்தது. பாரிஸிலிருந்து இரண்டு பேருந்துகள் வருவதாக இருந்தது. ஊரிலோ ஒரே ஒரு பொதுக் கழிப்பறை. வாடகைக் கழிப்பறைகளைக் கொண்டுவந்து வைத்தபிறகு, அவற்றை யார் சுத்தம் செய்வது என்ற கேள்வி மேயருக்கு எழுந்தது. மூன்று பள்ளத்தாக்குகளுக்கும் ஒரே ஆள்தான்.

"நீ வருவியா?" என்றார் தொலைபேசியில், கூச்சத்தோடு.

"சாமானெல்லாம் ஏத்தியாச்சு. போற வழிதானே. வர்றேன்."

அன்று ரவுண்டானா முழுக்கச் சாமந்தித் தொட்டிகள். நடுவில் கல். கல்லுக்கு முன்னால், சவப்பெட்டி இருக்க வேண்டிய இடத்தில், கறுப்பு வெல்வெட் விரித்த மேடையில் லாரிக் கதவு கிடத்தப்பட்டிருந்தது. மேலே மூவர்ணப் பட்டை. அதைக் கழுவக்கூடாது என்று எழுத்து வல்லுநர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்; முப்பது ஆண்டுப் படிமானமும் சரித்திரமே. காற்று மேற்கிலிருந்து அடித்தது. முன்வரிசையிலிருந்த ஆட்சியரும் இரண்டு பேராசிரியர்களும் கைக்குட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்கள். பலர் கண்கலங்கியதாக மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது.

தெலாஷ்னால் பேசினார்.

"சிலர் கேட்கலாம், ஆணையம் பொறுப்பேத்து ஒரே வருஷத்துல இந்தப் பேர் அழிஞ்சுபோச்சே, இது தோல்வியில்லையான்னு. நான் கேட்கிறேன்: இதுக்கு முன்னால ஆயிரக்கணக்கான பேர் அழிஞ்சிருக்கு. கேட்பாரில்லாம, அறிக்கையில்லாம, ஒரு பலகைகூட இல்லாம. மூர்காபெல் அப்படிப் போகல. கடைசி நாள்வரைக்கும் அது எங்க பராமரிப்புலதான் இருந்துச்சு. எங்க கையிலதான் போச்சு. இந்த அனுபவத்தோட அடுத்த பேருக்குப் போறோம்."

ஒரு நிமிட மௌனம். அந்த நிமிடத்தில் கழிப்பறைகளின் பின்னால் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காவலர் ஓடிவந்து கையைக் காட்ட, ரெழிஸ் அதை அணைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

அங்கிருந்து கதவு தெரிந்தது. கைப்பிடிக்குக் கீழே ஒண்டி நின்ற கடைசி எழுத்தும் தெரிந்தது. வெல்வெட்டில் இப்போது அதற்கு வேண்டிய இடம் இருந்தது. அப்பா இதைப் பார்த்திருந்தால் அளவெடுத்து எழுதியிருப்பாரோ என்று தோன்றியது. எழுதியிருக்க மாட்டார்.

மௌனம் முடிந்ததும் கூட்டம் வரிசையாகத் தெலாஷ்னாலுக்குக் கை கொடுத்துவிட்டு, வைன் வைத்திருந்த மேஜையை நோக்கி நகர்ந்தது. ரெழிஸுக்கு லாரிக்குப் போக வேறு வழியில்லை. வரிசையோடு நகர்ந்தான். அவன் முறை வந்தபோது கையைப் பார்த்தான். முழங்கையை நீட்டினான்.

தெலாஷ்னால் அந்த முழங்கைக்கு லேசாகத் தலைவணங்கினார். பிறகு முகத்தைப் பார்த்தார். ஒரு சாண் தூரத்தில் விளக்குப் பிடித்துப் பார்த்த அதே மூக்கைப் பார்த்தார். அவர் கண்களில் எந்தச் சலனமும் இல்லை. அவருக்கு அது படம் மாட்டாத வெறும் சுவர்.

"குடும்பமா?" என்றார் தாழ்ந்த குரலில்.

ரெழிஸ் மேடையில் கிடந்த கதவைப் பார்த்தான்.

"இல்லைங்க. பழக்கம்தான்."

"ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றார் தெலாஷ்னால், அடுத்த கைக்குத் திரும்பியபடி.

நாதேழ் லாரியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, வைன் மேஜைத் தட்டிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்திருந்த வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தாள். முதல் பாதி அவள் ஓட்டுவதாகப் பேச்சு. ரெழிஸ் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தான்.

"என்னவாம் அந்த ஆளு?"

"அனுதாபம் சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"நன்றின்னு சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள திரும்பிட்டாரு."

நாதேழ் அவன் கையில் கொஞ்சம் கடலையைக் கொட்டிவிட்டு, பச்சைக் கதவைச் சாத்தினாள். அது சரியாகப் பொருந்தாமல் தட்டியது. ரவுண்டானாவை ஒரு சுற்று சுற்றினால்தான் கடலுக்குப் போகும் ரோட்டைப் பிடிக்க முடியும். சுற்றினார்கள். நன்றாகத்தான் இருந்தது.